புளிக்காத மாவு

புதுச்சேரி முதலியார்பேட்டையில் என் தம்பி வீட்டில் இட்லி கல்லாக இருக்கிறது. வந்த முதல் நாள், பாவம், ஏதோ பதம் தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படியே. பிட்டால் பிய்யவில்லை, சாம்பாரில் போட்டால் ஊறவில்லை, தட்டில் வைக்கும்போது சத்தம் கேட்டது. பிரான்சிலிருந்து ஊருக்கு வருகிற நாங்கள் விமானத்திலேயே மனசுக்குள் இட்லி தின்ன ஆரம்பித்துவிடுவோம் என்பது என்னைப் போல வெளியே போய் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். அங்கே குளிரில் மாவு பொங்காது. ஹீட்டர் பக்கத்தில் வைத்து, கம்பளி போர்த்தி, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே மூடி வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் பாத்திரத்தை விட்டு வழிந்திருக்கும். அப்படிப்பட்ட ஊரில் என் தம்பி மனைவி ஸ்டெல்லா மாவை அரைத்த கையோடு ஊற்றிவிடுகிறாள். புளிக்க விடுவதே இல்லை.

ஏன் என்று கேட்டேன். "வாசன வரும் அண்ணி" என்றாள்.

பிறகுதான் அந்தச் சமையலறையை ஒழுங்காகப் பார்த்தேன். பழைய சோறு கிடையாது. தயிர் அன்றன்றைக்கு உறைந்தது மட்டும்தான், மிஞ்சினால் சாக்கடைக்கு. வினிகர் பாட்டில் இல்லை, இருமல் மருந்துகூட இல்லை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீடுகளில் திராட்சை வைன் போடுகிற பெரிய ஜாடியில் இப்போது கல்லுப்பு இருக்கிறது. வைன் போடுவதை நாங்கள் குடி என்று எண்ணியதே இல்லை. கேக்கைப் போல அதுவும் ஒரு பண்டிகைப் பலகாரம், அவ்வளவுதான்.

தம்பி லூர்து குடித்தவன். நம் மொழியில் 'குடிக்கிறான்' என்று சொன்னால் போதும், எதை என்று யாரும் கேட்பதில்லை. புதுச்சேரியை ஒட்டின மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிற வழியில் எத்தனை கடை இருக்கும் என்று புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை போனது. கல்லீரலில் பாதி போனது. இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் நான் பொறுப்பில்லை என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். குடியை நிறுத்துவதற்காகச் சேர்த்திருந்த இடத்தில் ஸ்டெல்லாவை உட்காரவைத்து, வாசனைகூட ஆசையைக் கிளப்பிவிடும், வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்களாம். அவள் பார்த்துக்கொண்டாள். புளித்தது எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டாள். கல் இட்லி தின்று பல் போனாலும் பரவாயில்லை, ஆள் இருந்தால் சரி என்பது அவள் கணக்கு.

இதில் என் நிலைமைதான் வேடிக்கை. நான் அங்கே பிழைப்பதே புளிக்கவைத்துத்தான். பிரான்சின் மேற்கே பிரெத்தாஞ் பகுதியில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு சின்னப் பண்ணை. பெர்மாகல்ச்சர் என்று பெரிய பெயர் சொல்வார்கள். காட்டைப் பார்த்துத் தோட்டம் போடுவது என்று ஊரில் கேட்பவர்களுக்குச் சொல்வேன். மண்ணைக் கிண்டாமல், இலைதழையை மூடாக்காகப் போட்டு, ஒரு செடிக்கு இன்னொரு செடி துணை நிற்கும்படி நட்டுவிட்டு நாம் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்வது. ஆப்பிளைப் பிழிந்து, புளிக்கவைத்து, சீத்ர் என்கிற மது போடுகிறோம். கெஃபிர் என்கிற புளிப்பு பானம், இஞ்சி பானம், எல்டர் பூவில் ஒன்று. சனிக்கிழமைச் சந்தையில் விற்கிறோம்.

போன புதிதில் நான் மதுவை வாயில் வைக்கமாட்டேன். முதல் முறை விருந்துக்குக் கூப்பிட்ட பக்கத்துப் பண்ணை இவோன், என் கிளாசைக் கையால் மூடியதைப் பார்த்து, நான் முஸ்லிமா என்று கேட்டாள். இல்லை, கத்தோலிக்கப் பெண் என்றேன். உடனே எழுந்து வந்து கட்டிப்பிடித்து, எத்தனை மாதம் என்று காதில் கேட்டாள். குடிக்காமல் இருப்பதற்கு அவளுக்குத் தெரிந்த காரணங்கள் அந்த இரண்டுதான். இந்த முறை கிளம்பும்போது அவளிடம் என் பிரெஞ்சைத் திரட்டி, தம்பியைப் பார்க்கப் போகிறேன், அவன் ரொம்பக் குடித்தவன் என்று சொன்னேன். முகம் மலர்ந்து உள்ளே போனவள், தம்பிக்கு என்று இரண்டு பாட்டில் சீத்ரோடு திரும்பி வந்தாள். அதை வாங்கி நிலவறையில் வைத்துவிட்டு வந்தேன். அவளுக்கு விளக்கிச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை, தெம்பும் இல்லை.

லூர்துவை மீட்டது தோட்டம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பினோம். மேட்டுப்பாளையம் தாண்டி அப்பா விட்டுப்போன துண்டு நிலம் முள் மண்டிக் கிடந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் கை அரிக்கும் என்று அதை அவன் எடுத்துக்கொண்டான். நான் அங்கிருந்து போனில் காட்டுவேன், அவன் இங்கிருந்து காட்டுவான். மழைத் தண்ணீர் ஓடிவிடாமல் சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டினான். வட்டமாகக் குழி தோண்டிக் குப்பையை நிரப்பி, கரையில் வாழை வைத்தான். எனக்கு ஒரு இலை மக்க ஒரு வருஷம் ஆகும். அவனுக்கு ஒரு மழை போதும். விதை முளைக்க எனக்கு வாரக்கணக்கில் ஆவது உனக்கு மூன்று நாளில் ஆகிறதே என்று பொறாமையோடு திட்டுவேன். என் நிலவறையில் பீப்பாய்களின் மேலே ரப்பர் குழாய் செருகி, மறு முனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டிருப்போம். உள்ளே இருக்கும் காற்று குமிழியாக வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாது. அந்த 'ப்ளுக்' சத்தம் போனில் கேட்டால் லூர்து சிரிப்பான்.

ஸ்டெல்லாவுக்கு அந்த நிலத்தின் மேல் கோயில் மாதிரி நம்பிக்கை. "அங்க கட இல்ல அண்ணி. காலைல போயி சாயந்தரம்தான் வருவாரு. மழைன்னாலும் போவாரு" என்றாள். இந்த முறை அவன் கண்ணில் மஞ்சள் தட்டியிருந்ததை நான் பார்த்துக் கேட்டபோதும், "பப்பாளி நெறைய சாப்புடறாரு, அதான்" என்று அவளே பதில் சொன்னாள். நானும் நம்பிக்கொண்டேன். நம்ப வசதியாக இருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் வண்டியில் என்னை நிலத்துக்குக் கூட்டிப் போனான். போனில் பார்த்ததைவிட நன்றாக இருந்தது. முருங்கையைச் சுற்றி அவரை ஏறியிருந்தது, வாய்க்காலில் தண்ணீர் நின்றது, மூடாக்கைத் தூக்கினால் மண்புழு நெளிந்தது. என் மண்ணில் இப்படி ஒரு உயிர் கிடையாது. பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. ஓரத்தில் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு நீல டிரம்.

"பழக்கரைசல் க்கா. செடிக்கு" என்றான்.

இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் எல்லாரும் போடுவதுதான். அழுகின பழம், வெல்லம், தண்ணீர். புளித்ததும் தண்ணீரில் கலந்து வேருக்கு ஊற்றுவார்கள். டிரம் வாயைத் துணியால் கட்டித் தினம் ஒரு தடவை கிண்டிவிடுவார்கள். ஈ மொய்க்கும், புளிப்பு ஏறும், செடிக்கு அதெல்லாம் கவலையில்லை. லூர்துவின் டிரம்மில் துணி இல்லை. மூடி இறுக்கியிருந்தது. மூடியில் ஓட்டை போட்டு, மெழுகு பூசி, ரப்பர் குழாய் செருகி, மறு முனை தண்ணீர் பாட்டிலில் இருந்தது. நான் நின்றிருந்தபோதே ஒரு குமிழி வந்தது. காற்றுப் புகாமல் காப்பாற்றினால் அது வினிகர்போலக் காடியாகாது, மதுவாகவே நிற்கும். காடியாகக் கூடாது என்று நினைக்கிறவன் அதைக் குடிக்கிறவன் ஒருவன்தான்.

மூடியைத் திறந்தேன். அன்னாசி, வாழை, பனைவெல்லம். விரலை நனைத்து வைத்துப் பார்த்தேன். தொழில்காரியின் நாக்கு பொய் சொல்லாது. சுத்தமாக இருந்தது. நான் வருஷக்கணக்கில் கற்றுக்கொண்டதைவிடச் சுத்தமாக.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மாட்டிக்கொண்டவன் பார்வை இல்லை அது.

"எப்பிடி க்கா இருக்கு?" என்றான்.

"நல்லா இருக்குடா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"செடிக்குத்தான் க்கா ஆரம்பிச்சேன், சத்தியமா. அப்பறம் ஒருநாள் ருசி பாத்தேன். கொஞ்சம் செடிக்கு, கொஞ்சம் எனக்கு. ஸ்டெல்லாகிட்ட சொல்லாத."

 டிரம்மைச் சாய்த்து உருட்டி வாழைக்குழிக்குக் கொண்டு போனேன். அவன் தடுக்கவில்லை. கவிழ்க்கப் போகும்போது மட்டும் ஓடி வந்து விளிம்பைப் பிடித்தான். "அவ்ளோ கெட்டியா ஊத்தாத க்கா. தண்ணி கலக்கணும். வேர் கருகிடும்" என்றான். வாழையின் வேர் கருகும் என்று பதறுகிறவனை என்ன செய்வது? அடிக்கலாம்போல இருந்தது. கவிழ்த்தேன். அவன் வாளியில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு மொண்டு வாழையின் அடியில் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

அன்று சாயங்காலம் மாடியில் ஸ்டெல்லா காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். டாக்டரிடம் போக வேண்டும், மறுபடியும் அந்த இடத்தில் சேர்க்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எத்தினி நாளா?"

"தெரியல ஸ்டெல்லா."

"அவ்ளோ மழைல போறாரே, செடி மேல இவ்ளோ பாசமான்னு நெனச்சிப்பேன் அண்ணி. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்தனேன்." பிறகு, "டாக்டர்ட்ட போலாம். போயி? டிரம்மு இல்லன்னா கொடம். பழம் இல்லாத ஊரா இது?" என்றாள்.

கீழே போய் வழக்கம்போல மாவு அரைத்தாள். ஆனால் இட்லித்தட்டில் ஊற்றவில்லை. பாத்திரத்தில் வழித்து, மூடி, மேடையில் ஒதுக்கி வைத்தாள். நான் பார்ப்பதைப் பார்த்து, "இனிமே புளிச்சா என்ன, புளிக்காட்டி என்ன" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

காலையில் வீடெல்லாம் அந்த வாசனை. நான் பிரெத்தாஞ் குளிரில் கம்பளி போர்த்திப் போர்த்தித் தேடின வாசனை. இட்லி பூ மாதிரி வந்திருந்தது. லூர்து தட்டைத் தூக்கிப் பார்த்து, "அக்கா வந்ததுலர்ந்து இன்னிக்குத்தான் நல்ல இட்லி போட்டிருக்கே" என்றான்.

"புளிக்க வெச்சேன்" என்றாள் ஸ்டெல்லா.

அவன் கை நின்றது. என்னைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தின்றான். அவள் கேட்காமலே இன்னும் இரண்டு வைத்தாள். 

அப்போது போன் சிணுங்கியது. அங்கே இன்னும் விடியாத நேரத்தில் என் வீட்டுக்காரர் நிலவறையிலிருந்து வீடியோ அனுப்பியிருந்தார். நான் கிளம்புவதற்கு முன் பிழிந்து ஊற்றிய ஆப்பிள் சாறு பொங்க ஆரம்பித்துவிட்டதாம். சீத்ர் பாடுகிறது என்று அங்கே சொல்வார்கள். யோசிக்காமல் தொட்டுவிட்டேன். ப்ளுக். ப்ளுக். அந்தச் சின்னச் சமையலறையில் அது பெரிதாகக் கேட்டது. அடுப்பு பக்கம் நின்ற ஸ்டெல்லா திரும்பினாள்.

லூர்து நிமிர்ந்தான். மஞ்சள் கண்ணில் ஒரு சந்தோஷம். "ஒம் பீப்பாதானே க்கா? குளிர்ல மெதுவாத்தான் வரும். ஆனா நல்லா வரும்" என்றான்.

ஒரு கையில் பிட்ட இட்லி, இன்னொரு கையில் போனுக்குள் அந்த நிலவறை. இரண்டிலிருந்தும் ஒரே வாசனை வருவதாக எனக்குத் தோன்றியது. எந்தக் கையை முதலில் கழுவுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு போனை அணைத்தேன். சத்தம் நின்ற பிறகும் லூர்து தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.