தினம் நானூறு மரம்

கூலிம் தொழிற்பேட்டையில் மின்மீட்டர் பார்க்கும் வேலைக்குத்தான் குணசுந்தரி முதலில் போனாள். எந்த மெஷின் எப்போது எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று எழுதி எழுதியே, அடுத்த மாதம் கரண்ட் விலை எங்கே போகும் என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். ஷிஃப்டுக்கு நடுவிலேயே படித்துப் பட்டமும் வாங்கினாள். இப்போது மெர்கோங்கில், கடைவீட்டு மாடியில் இருக்கும் ஓர் ஆலோசனைக் கம்பெனியில் மின்சார, கார்பன் சந்தை ஆய்வாளர்.

பெயர்தான் பெரிது. மரத்தைக் காப்பாற்றி இத்தனை டன் புகையைத் தடுத்தேன் என்று ஒருவன் சான்று வாங்குவான். புகை விடுகிற இன்னொருவன் அதை விலைக்கு வாங்கி யோக்கியனாகிவிடுவான். அந்தச் சான்று என்ன விலை பெறும் என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அழுக்கு நிறையப் பார்த்தவள்தான். ஆனாலும் போன மாதம் வந்த அறிக்கையை மூன்று முறை திருப்பிப் படித்தாள்.

கூலிம் பக்கம் ஓர் இயற்கைக் காட்டை ரப்பர் தோட்டத்து ஆட்கள் அழித்துவந்தார்களாம். ஒரு நிறுவனம் தடுத்துக் காப்பாற்றியதாம். படத்தில் நின்றதோ வரிசை பிசகாத கிழட்டு ரப்பர் மரங்கள். சாட்சி பிரேமாவதி, வயது அறுபத்தெட்டு. ‘நாற்பது வருடம் காட்டில் தினமும் நானூறு மரங்களை வெட்டிச் சாய்த்தேன்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

பிரேமாவதி அவளைப் பெற்ற அம்மா.

ரப்பர் நிற்கும் இடத்தைத் தோட்டத்தில் காடு என்பார்கள். பட்டையைச் சீவிப் பால் எடுப்பதை மரம் வெட்டுவது என்பார்கள். தோட்டத்துக் கோழிக்குஞ்சுக்குக்கூட இது தெரியும். அம்மா தமிழில் சொன்னதை அப்படி மொழிபெயர்த்தவன் அவளுடைய முதலாளி சத்தியசீலன்.

“அண்ணே, இது தப்புண்ணே.”

“தெரியும்லா. நானும் தோட்டத்துப் புள்ளதானே? வாங்குறவன் சிங்கப்பூர்ல இருக்கான், அவனுக்குத் தமிழா தெரியும்? வெள்ளிக்குள்ள சைன் பண்ணு. அடுத்த மாசம் நீதான் மேனேஜர்.”

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பாள். தெரிந்தே செய்துவிட்டு, பல்லிடுக்கில் கறிபாப் பலகாரத் துணுக்கோடு இளித்தான். அந்த வாயும் தோட்டத்துச் சோறு தின்ற வாய்தான் என்பதை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் கூலிமுக்குப் போய் அம்மாவிடம் வாசித்துக் காட்டினாள். அம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு முகம் சுண்டிப்போயிற்று.

“தெனம் நானூறு மரத்த சாய்ச்சிருந்தா, ஒரே மாசத்துல தோட்டமே மொட்டையாயிருக்கும்டி. அப்பறம் எதச் சீவி உன்னப் படிக்க வச்சேனாம்?”

வெள்ளிக்கிழமை காலை, விலை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். மேனேஜர் நாற்காலி போகும், இருக்கிற நாற்காலியும் போகலாம் என்று தெரிந்தேதான் போட்டாள். காரணம் என்ற கட்டத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டு, சத்தியசீலனைக் கேட்காமல் நேரே சிங்கப்பூருக்கு அனுப்பினாள்.

‘சாட்சி என் தாயார். அவர் வெட்டிய மரங்கள் எல்லாம் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன.’