கவி அம்மா எறிந்த தாள்கள்

கவி அம்மாவின் இடது கால் ஒரு தாளின் மேல் இருந்தது. சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை, பெருவிரல் பக்கத்தில் ஓர் ஓட்டை. காலைச் சுற்றி நீல மை எழுத்துகள். குசினி அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் நிலமெல்லாம் அப்படியே தாள்கள் பரவிக் கிடந்தன. அவர் அவற்றின் மேல் நடந்து வந்துதான் எனக்குக் கதவைத் திறந்தார். மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், வெளிப்பக்கம் இரும்புப் படி வைத்த பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. நான் அங்கே வேலைக்குப் போன முதல் நாள் அது. வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போன இரண்டு ஆங்கில வசனமும் மறந்துபோய், அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் அமெரிக்காவில் பெயர் பெற்ற கவிஞர் என்பது எனக்கு அப்போது தெரியாது. தனியாக இருக்கிற வயதான அம்மா ஒருவருக்கு வீடு கூட்டி, சமைத்துக் கொடுக்க ஆள் வேண்டுமென்று எங்கள் மாதா கோயில் பங்கில் ஒருவர் சொன்னார், நான் போனேன், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து மகள்தான் எங்கோ விசாரித்துக்கொண்டு வந்து என்னை ஏசினாள். "அம்மா, அந்த மனுசியின்ர கவிதையை அங்க பள்ளிக்கூடப் பிள்ளையள் பாடமாக்கிறவையாம். பெரிய பெரிய பரிசெல்லாம் எடுத்தவவாம். நீங்கள் என்னெண்டா அவவின்ர ஓட்டைக் காலுறையைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருக்கிறியள்." அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை; கவி அம்மா என்பது நான் வைத்தது. எழுதினால் என் வீட்டுக்கு ஆள் வரும். ஏன் வரும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல் நாளே அவர் எனக்குக் கையைக் காட்டிச் சட்டம் சொன்னார். மேசையில் இருப்பதைத் தொடக்கூடாது. நிலத்தில் கிடப்பதெல்லாம் குப்பைக்கு. எனக்கு ஆங்கிலம் கொஞ்சம், பிரெஞ்சு அதிலும் கொஞ்சம். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் ஏழு வருடம் நாங்கள் கதைத்துக்கொண்டே இருந்தோம். அவர் சொன்னவற்றை எங்கள் பேச்சில் எழுதினால்தான் எனக்கு அவர் குரல் கேட்கிறது, ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

சட்டத்தின் முதல் பாதியை ஒரு நாளும் மீறியதில்லை. இரண்டாம் பாதியை முதல் நாளே மீறிவிட்டேன். எங்கள் வீட்டில் சரஸ்வதி படம் இருந்ததில்லை, மாதா படம்தான். என்றாலும் எழுத்துள்ள தாளில் கால் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுகிற பழக்கம் ஊரில் எல்லாருக்கும் இருந்ததுபோல எங்களுக்கும் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒரு கொப்பியைப் பென்சிலால் எழுதி அழித்து மறுபடியும் எழுதின கை இது. எழுதின தாளை மீன் செதிலோடும் தேயிலைச் சக்கையோடும் ஒரே பையில் போடு என்றால் எப்படிப் போடும்? அவர் அறைக்குள் போன நேரம் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கண்ணில் ஒற்றி, நீவி மடித்து என் கைப்பைக்குள் வைத்தேன். நாளைக்கு வேறு வழி யோசிப்போம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவேயில்லை.

கவி அம்மாவுக்குத் தாள் என்றால் தண்ணீர் மாதிரி. அவருடைய தகப்பன் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் தாள் ஆலையில் வேலை செய்தவராம். ஆலையில் வெட்டிக் கழித்த துண்டுகள் வீடு நிறையக் கிடக்குமாம். அதில்தான் படுத்தது, அதில்தான் மூக்குத் துடைத்தது, அதில்தான் முதல் கவிதையும் எழுதியது. "ஊர் முழுக்க அவிஞ்ச முட்டைக்கோவா மணம். எங்கட உடுப்பு, தின்னிற பாண், அப்பான்ர கை எல்லாம் அந்த மணம்தான்" என்று மூக்கைச் சுளித்துக் காட்டுவார். இளம் வயதில் அவருடைய நாடு தூரத்தில் ஒரு சண்டையில் இருந்தபோது, ஆமிக்குப் போகமாட்டேன் என்ற புருசனோடு மொன்றியலுக்கு வந்தவர். புருசன் செத்த பிறகும் திரும்பிப் போகவில்லை. "சண்டைக்குப் பயந்து வந்தவ எண்டு ஆரும் கேட்டா, ஓம் எண்டு சொல்லுவன்" என்றார். நானும் ஓம் என்றேன். அந்த விசயத்தில் எங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவர் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாயும் இருக்கும். எழுதுவார், எழும்பி நடந்து சத்தமாய்ப் படிப்பார், முகம் சுருங்கும், தாள் பறக்கும். உருளைக்கிழங்கைப் பற்றிய ஒரு கவிதைக்கு ஒரு பனிக்காலம் முழுக்கப் போனது. அதற்காக என்னையும் கூட்டிக்கொண்டு ஜான்-டலோன் சந்தைக்குப் போனார். கழுவின கிழங்கு வேண்டாம், மண் ஒட்டின கிழங்குதான் வேண்டுமென்று கடைக்காரனோடு பிரெஞ்சில் வழக்காடி, ஒன்றை எடுத்து மணந்து, என் மூக்கிலும் பிடித்தார். "உங்கட ஊர் மண் இப்பிடியோ மணக்கும்?" இல்லை என்று தலையாட்டினேன். எங்கள் மண் மணல்; மழை பெய்தால்தான் மணக்கும் என்று கையாலும் வாயாலும் சொல்லி முடிப்பதற்குள் எங்களுக்குப் பின்னால் ஆட்கள் வரிசை கட்டிவிட்டார்கள். அன்று வாங்கின கிழங்கை நான் பிரட்டலாக வைத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, அதுவரை எழுதினது எல்லாவற்றையும் நிலத்தில் எறிந்தார்.

என்னிடமிருந்து அவர் மூன்று சொல் பழகினார்: உப்பு, புளி, பேந்து. பிறகு என்பதற்கு நாங்கள் சொல்லுகிற அந்த மூன்றாவதுதான் அவருக்கு மிகவும் பிடித்தது. நியூயோர்க்கிலிருந்து புத்தகக்காரர் தொலைபேசியில் எப்போது முடியும் என்று கேட்டால், "பேந்து, பேந்து" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அந்த ஆள் அதை என்னவென்று நினைத்தாரோ தெரியாது.

தாள்கள் என் கட்டிலுக்குக் கீழே நிறைந்தன. எல்லாம் ஒரு பக்கம் மட்டும் எழுதினவை; மறுபக்கம் பால் மாதிரி வெள்ளை. அவ்வளவு நல்ல தாள் சும்மா கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மன்னாரில் இருக்கிற தங்கச்சியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்பேன். லைன் எப்போது அறும் என்று தெரியாத காலம். வைத்தபிறகுதான் சொல்ல மறந்ததெல்லாம் நினைவு வரும். ஆகவே கிழமை முழுக்கச் சொல்ல வேண்டியதை அந்த வெள்ளைப் பக்கத்தில் எழுதி வைக்கத் தொடங்கினேன். முதலில் நாலு வரி. பிறகு ஒரு பக்கம். பள்ளிக்கூடம் விட்டபிறகு கோயில் கொப்பியில் கையெழுத்து வைத்ததைத் தவிர ஒன்றும் எழுதாத எனக்கு, எழுத எழுதக் கை ஓடியது. கதைத்து முடித்த பிறகும் அவற்றை எறியவில்லை.

இப்படியே போயிருக்கும். ஒரு பத்திரிகைக்காரி அமெரிக்காவிலிருந்து வந்து கவி அம்மாவோடு ஒரு பின்நேரம் முழுக்கக் கதைத்தாள். தேத்தண்ணி கொண்டுபோன என்னைக் கவி அம்மா தோளில் பிடித்து நிறுத்தி ஏதோ பெருமையாகச் சொன்னார். எனக்கு விளங்கியது குப்பை என்ற ஒரு சொல்தான். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பத்திரிகை வந்தபோது மகள் வாசித்துச் சொன்னாள். பல்கலைக்கழகங்களில் கவிஞர்களின் கிழிசல் தாள்களையும் தேடிச் சேர்க்கிறார்களாம். கவி அம்மாவின் சிநேகிதியான ஒரு கவிஞர் செத்தபிறகு, அவர் வேண்டாமென்று விட்டதையெல்லாம் பொறுக்கிப் புத்தகமாய்ப் போட்டுவிட்டார்களாம். முகம் கழுவும் முன்னம் பிடித்த படத்தைச் சந்தியில் ஒட்டினமாதிரி என்று கவி அம்மா சொல்லியிருந்தார். "எனக்கு அந்தப் பயம் இல்லை. நான் எறிந்தது ஒன்றுகூட உலகத்தில் இல்லை. இந்த அம்மா எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டார். எனக்கு மிக நம்பிக்கையான ஆள் இவர்தான்."

மகள் பத்திரிகையை மடித்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். "அம்மா, இது பெரிய வம்பு."

அந்தக் கிழமை தாள்களையெல்லாம் ஐந்து பெட்டிகளில் அடுக்கினேன். இரகசியமாக எறிந்துவிடலாம் என்று ஒரு பையைக் கட்டியும் பார்த்தேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். எறிந்தாலும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேலை போனால் இன்னொரு வேலை. நம்பிக்கையான ஆள் என்று என்னைச் சொன்னது என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை மகளின் காரில் ஐந்து பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனோம். புவாண்ட்-கிளேர் சாமான் கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு லீவு நாளிலும் பெட்டி தூக்க வேண்டியிருக்கு என்று மகள் இரும்புப் படி முழுக்க முணுமுணுத்தாள். பெட்டிகளைக் குசினியில் வைத்துவிட்டு நான் சுவரோடு நின்றேன். மகள் சொன்னாள். கவி அம்மா முதல் பெட்டியைத் திறந்தார், ஒரு தாளை எடுத்தார், வாசித்தார். காது சிவந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசியில் ஒன்றைத் திருப்பினார்.

"இது என்ன?"

"கடிதம் மாதிரி. தங்கச்சிக்கு" என்றேன்.

"வாசி."

நான் மகளைப் பார்த்தேன். மகள் தாளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். வேறு வழியில்லை, வாசித்தேன். "இந்த மனுசி நாள் முழுக்க எழுதுறா, நாள் முழுக்க எறியிறா. ஆறுதலா யோசிச்சுப்போட்டு ஒருக்கா எழுதினா என்ன? உப்புக் கூடிப்போச்சு, உப்புக் குறைஞ்சு போச்சு, உப்புச் சரியில்லை எண்டு நான் கறியை எறிஞ்சுகொண்டு இருந்தா இந்த வீட்டில ஒருத்தரும் சாப்பிடேலாது. நேற்றுச் சத்தமாப் படிச்சுக்கொண்டு நடந்து அலுமாரியோட முட்டினவ. முட்டிப்போட்டு அலுமாரியிட்ட மன்னிப்புக் கேட்டவ. பாவம், நல்ல மனுசி."

மகள் ஆங்கிலத்தில் ஒரு சிறு வசனம் சொன்னாள். கவி அம்மா அவளை உற்றுப் பார்த்தார். "உன்ர அம்மா இவ்வளவு நேரம் வாசிச்சவ. நீ ஒரு மூச்சில முடிச்சுப்போட்டாய். உப்பு எண்டு மூண்டு தரம் கேட்டுது. அந்த உப்பு எங்க போச்சு?"

மகள் முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அலுமாரி வந்ததும் கவி அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, நான் தண்ணீர் கொடுத்து, மறுபடியும் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் சிரிப்பு முடிந்ததும் முகம் பழையபடி இறுகிவிட்டது. "ஆனா இது போகத்தான் வேணும். எறிஞ்சது எறிஞ்சதுதான்." தாளை இரண்டு கையாலும் பிடித்தார், கிழிக்கப் போனார், நின்றார். திருப்பிப் பார்த்தார். "உன்ர எழுத்தைக் கிழிக்க எனக்கு என்ன உரிமை?"

"கிழியுங்கோ, மேடம். கதைச்சு முடிஞ்ச கதைதான்."

"முடிஞ்ச கதையை ஏன் வச்சிருந்தனீ?"

"உங்கட எழுத்து மற்றப் பக்கம் கிடக்கே."

மகள் இதைச் சொன்னபோது கவி அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழும்பிப்போய்த் தடித்த கறுப்புப் பேனை ஒன்றைக் கொண்டுவந்து, தன் பக்கத்தில் ஒரு வரியை அழுத்திக் கீறினார். மை ஊறி மறுபக்கத்தில் என் தங்கச்சியின் பெயர்மேல் இறங்கியது. ஐயோ என்று அவர்தான் சொன்னார், தன் மொழியில். பேனையை மூடி வைத்தார்.

"சரி. உன்னட்டயே இருக்கட்டும்" என்றார். "உன்ர பக்கம் மேல, என்ர பக்கம் கீழ. நான் இருந்தாலும் இல்லாட்டிலும் கீழ்ப்பக்கத்தை ஒருத்தரும் பாக்கக்கூடாது." நான் ஓம் என்றேன். பெட்டிகளைத் திரும்ப இறக்குகிறபோது மகள் இன்னும் சத்தமாக முணுமுணுத்தாள்.

அதற்குப் பிறகு அவர் தாளை நிலத்தில் எறிவதை விட்டுவிட்டார். பிடிக்காத தாளை எழுத்துப் பக்கம் கீழே இருக்கத் திருப்பி, குசினிக் கதிரையில் வைத்து, "தங்கச்சிக்கு" என்பார். அது அவருடைய நாலாவது தமிழ்ச் சொல். திங்கட்கிழமைகளில், தங்கச்சி என்ன சொன்னாள் என்று கேட்பார். அவர் இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்து முடியும்வரை நான் கதை சொல்ல வேண்டும்.

நித்திரையிலேயே அவர் போனபோது மேசையில் ஒரு புத்தகம் முழுதாக முடிந்திருந்தது. அமெரிக்காவில் அதைக் கொண்டாடினார்கள் என்று மகள் சொன்னாள். இப்போது நான் கடையில் வாங்கின கோடு போட்ட கொப்பியில் எழுதுகிறேன், இரண்டு பக்கமும். கை முன்போல ஓடுவதில்லை. தாளின் தடிப்புப் போதாது.

அவர் போன அடுத்த பனிக்காலம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஓர் ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனுசன், சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கவிஞர் எறிந்த தாள்களில் ஒன்றாவது தப்பியிருக்குமா என்று மகள் மூலம் கேட்டார். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவருக்கு நான் என் ஆயுளில் இல்லை என்று சொன்னதில்லை.

"அவ எறிஞ்சது எறிஞ்சதுதான் எண்டு அவவே சொன்னவ" என்றேன். "என்னட்ட இருக்கிறது நான் என்ர தங்கச்சிக்கு எழுதின கடிதங்கள்."

குடும்பக் கடிதங்களைப் பற்றிக் கேட்டதற்கு மன்னிக்க வேண்டும் என்றார் அவர். முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்கும் பாவமாக இருந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், வடையும் வைத்தேன். கதிரைக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெள்ளை விரிப்புப் போட்டுச் சின்ன மேசை மாதிரி வைத்திருக்கிறோம். அவர் வடையை எடுப்பதற்காகக் கோப்பையை அதன்மேல் வைத்தார். மகள் சட்டென்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

நான் எழும்பிப் போய்க் கோப்பைக்குக் கீழே ஒரு தட்டு வைத்தேன்.