முதுகில் ஒரு வெற்றிலை அளவு

மல்காஜ்கிரியில் என் வீட்டுச் சமையலறை வாசல் நிலையில், தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, ஓரிடம் மட்டும் பெயிண்ட் தேய்ந்து பளபளவென்றிருக்கும். பெயிண்ட் அடிக்க வந்தவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இங்கே மாடு கட்டியிருந்தீர்களா என்று கேட்டார். என் வீடு நான்காவது மாடி. சிரித்து வைத்தேன். அந்த மாடு நான்தான்.

எனக்கு ஐம்பது வயது ஆகப் போகிறது. கைக்குழந்தையிலிருந்தே அட்டோபிக் டெர்மடைட்டிஸ் (தோல் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள முடியாமல் வறண்டு, அரித்து, புண்ணாகும் நீண்டகால நோய், யாருக்கும் ஒட்டாது). கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், முதுகு. வரும், போகும், மறுபடி வரும். இதே நோயோடு தனியாக வாழ்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் ஆள் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுக்கு இதில் அதிகம் இல்லை.

அப்பாவின் ரயில்வே பட்டறை வேலைக்காக அரக்கோணத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தவள் அம்மா. நான் குளித்துவிட்டு வந்ததும் முதுகில் மருந்து தடவுவது அவள் வேலை. "அசையாம நில்லுடி" என்று அதட்டுவாள். எனக்கு நாற்பத்தைந்து வயதானபோதும் அதே அதட்டல்தான். தடவி முடித்ததும் ஒரு வார்த்தை சொல்வாள்: இன்னிக்குப் பரவாயில்லை, இன்னிக்கு மோசம். என் முதுகு எப்படி இருக்கிறது என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் அவள் போய்விட்டாள்.

போன குளிர்காலத்தில் நோய் முற்றியது. தூக்கம் போயிற்று. முதுகில் இரண்டு முறை சீழ் பிடித்தது. பேகம்பேட்டில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். என்னைவிட இளையவர், தெலுங்குக்காரர். அவர் சொன்னவற்றைத் தமிழில் தருகிறேன். கையுறை இல்லாமல் என் முதுகைத் தொட்டுப் பார்த்தார். பஸ்ஸில் என் கழுத்தைப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்காருகிறவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு முன்னும் பின்னுமாக மனித உருவம் அச்சிட்ட ஒரு தாளில், சிவந்திருந்த இடங்களையெல்லாம் பேனாவால் கருப்பாக்கினார். முதுகு முழுவதும் கருப்பு.

குளித்தபின் ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிடத்தில், உடல் முழுக்க மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். புண்பட்ட இடங்களில் தினம் ஒருமுறை ஸ்டீராய்டு களிம்பு (வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும் மருந்து). ஸ்டீராய்டு என்ற பெயருக்குப் பயந்து பொட்டு வைப்பதுபோல் தொட்டு வைத்தால் பயனில்லை என்றார். அதற்கு விரல்நுனி அளவு என்று ஒரு கணக்கு உண்டு (சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கும் களிம்பு, இரண்டு கை அகல இடத்துக்குப் போதும்).

முதுகுக்கு யார் தடவுவார்கள் என்று கேட்டார். அக்கா என்றேன்.

எனக்கு அக்கா கிடையாது. யாரும் இல்லை என்று சொன்னால், கல்யாணம் ஆகவில்லையா, கூட யாருமே இல்லையா, ஐயோ என்று மூன்றும் வரிசையாக வரும். முதல் கேள்வியை முப்பது வருடமாகவும் மற்றதை அம்மா போனதிலிருந்தும் கேட்டுச் சலித்துப்போனவள் நான். நாச்சாரத்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். கண்ணால் பார்க்காத சரக்குக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அங்கே பெயர் வாங்கியவள். முதுகு விஷயத்தில் மட்டும் கூசாமல் பொய் சொன்னேன்.

வீட்டில் என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். மேலிருந்து ஒரு கை, கீழிருந்து ஒரு கை விட்டுப் பார்த்தேன். நடுவில் அவை சந்திக்கவில்லை. தோசைத் திருப்பியில் துணி சுற்றி, அதில் களிம்பைத் தடவி முயன்றேன். பாதி துணிக்குப் போனது, மீதி குர்தாவுக்குப் போனது. அரித்தால் தேய்த்துக்கொள்ள வாசல் நிலை இருந்தது. மருந்து தடவத்தான் ஒன்றும் இல்லை.

இரண்டாவது முறை போனபோது மருத்துவர் முகம் சரியில்லை. களிம்புக்கு அடங்காவிட்டால் இம்யூனோசப்ரசன்ட் மாத்திரை (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்து) தொடங்க வேண்டியிருக்கும் என்று சொல்லி, அதற்கான ரத்தப் பரிசோதனைகளை எழுதினார். சாப்பிடும் காலம் முழுக்க அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், காய்ச்சல் கண்டால் உடனே ஓடி வர வேண்டும் என்றார். காய்ச்சலில் விழுந்தால் உள்ளிருந்து கதவைத் திறந்துவிடக்கூட ஆளில்லாத வீடு என்னுடையது.

மூன்றாவது முறை, ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு போனேன். மாத்திரை எழுதுவதற்கு முன் அவர் மறுபடி ஒரு தாளை எடுத்துக் கருப்பாக்கினார். பழைய தாள்களை அதன் பக்கத்தில் வைத்தார். புதிய தாளில் கழுத்து வெளுத்திருந்தது, மடிப்புகள் வெளுத்திருந்தன, முதுகின் ஓரங்களும் இடுப்பும்கூட வெளுத்திருந்தன. தோள்பட்டைகளுக்கு நடுவே மட்டும், காம்பு மேலும் நுனி கீழுமாக ஒரு வெற்றிலை போல, கருப்பு அப்படியே நின்றது.

வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு, "அடுத்த முறை அக்காவைக் கூட்டிக்கிட்டு வாங்க. எப்படித் தடவணும்னு காட்டறேன்" என்றார்.

எங்கள் தொழிற்சாலையில் யாரை ஒரு நாளைக்கு அக்காவாக அழைத்து வரலாம் என்று நான் உண்மையிலேயே யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

"அக்கா இல்லை, டாக்டர். வீட்டுல யாருமே இல்லை."

அவர் ஐயோ என்று சொல்லவில்லை. பேனாவால் அந்த வெற்றிலையைச் சுற்றி ஒரு கோடு போட்டார். "அப்ப மருந்து தோத்துப் போகல. மருந்து அங்க போய்ச் சேரவே இல்லை." மாத்திரை எழுத எடுத்த சீட்டை ஒதுக்கி வைத்தார். எந்த நேரமானாலும் சரி, தினம் ஒருமுறை, யாராவது ஒருவர் தடவினால் போதும் என்றார். "யார்கிட்டயாவது கேளுங்க. மாத்திரையைவிடவா அது கஷ்டம்?"

ஆமாம் என்றேன். நான் அவரிடம் சொன்ன பதில்களில் அதைவிட உண்மையானது வேறில்லை.

கேட்பதற்கு ஒன்பது நாள் பிடித்தது. தொழிற்சாலையில் காலை எட்டே முக்காலுக்குப் பெண்கள் உடைமாற்றும் அறையில் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போடுவோம். பேக்கிங் பிரிவு நஸீமாவின் அலமாரி என் அலமாரிக்குப் பக்கத்தில். ஆறு வருடமாக இட்லி, மழை, பஸ் தாமதம் பற்றியெல்லாம் பேசியிருக்கிறோம். பத்தாவது நாள் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, என் ஓட்டை ஹிந்தியில் சொல்லி முடித்தேன். இது ஒட்டாது என்பதை மூன்று முறை சொன்னேன்.

"கைக்கு மேடம் (ஏன் மேடம்), இவ்வளவு நாள் சொல்லல?" என்றாள் அவள். "திரும்புங்க."

அவள் கை சில்லென்றிருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் அசையாமல் நின்றேன். முடித்ததும் அவள் ஒன்றும் சொல்லாததால், எப்படி இருக்கிறது என்று நானே கேட்டேன். சிவப்பாக இருக்கிறது, கொஞ்சம் வெடித்திருக்கிறது என்றாள். மூன்று வருடத்துக்குப் பிறகு என் முதுகைப் பற்றி எனக்குச் செய்தி வந்தது.

உள்ளே நுழையுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது எங்கள் தொழிற்சாலையின் விதி. அதனால் அவளுக்குத் தனி வேலையில்லை. தினமும் தடவிவிட்டு ஒரு வார்த்தை சொல்வாள். இன்று சின்னதாகியிருக்கிறது. இன்று ஓரம் காய்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கையும் கிடையாது, செய்தியும் கிடையாது. நாள் மிக நீளமாகப் போகும்.

ஆறு வாரம் கழித்து மருத்துவர் புதிய தாளை எடுத்தார், பேனாவை மூடி வைத்தார். முதுகில் ஒன்றுமில்லை. இனி தினமும் வேண்டாம், திரும்பி வராமலிருக்க அதே இடத்தில் வாரம் இரண்டு நாள் தடவினால் போதும் என்றார். மாத்திரைப் பேச்சே இல்லை. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் திரும்பும் வழியில் பஸ்ஸில் அழுகை வந்தது. ஏன் என்று மல்காஜ்கிரியில் இறங்கியும் விளங்கவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்வேன். மருத்துவமனைப் படிவத்தில் வயது கேட்பார்கள், எடை கேட்பார்கள், ஒவ்வாமை கேட்பார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க அதில் இடமிருக்காது. தனியாக இருப்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். என்னைப்போல் அக்காவைப் பெற்றெடுக்காதீர்கள்.

நஸீமாவிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். தினமும் தடவச் சொல்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம், அவள் செய்திருப்பாள். திங்களும் வியாழனும் போதுமாம் என்று உள்ளதைச் சொன்னேன். "ஹவ் மேடம் (ஆமாம் மேடம்), நல்லதாச்சு" என்று மனதாரச் சிரித்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. எட்டே முக்காலுக்கு நான் அலமாரி முன் நின்றபோது, நஸீமா கோட்டைப் போட்டுக்கொண்டு கை கழுவப் போய்விட்டிருந்தாள். முதுகில் அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை. ஆனாலும் அந்த வெற்றிலை அளவு இடம் மட்டும் தனியாகத் தெரிந்தது. கோட்டுப் பொத்தான்களைப் போடாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போட்டுக்கொண்டேன். வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.