ஒரு மென்பொருளும் அதன் சொந்தக்காரர்களும்

பழைய லேப்டாப்பில் நேற்றுதான் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். இன்று காலை அதில் ஒரு வீடியோ எடிட்டிங் மென்பொருளை நிறுவ உட்கார்ந்தேன். அது திறந்த பிறகுதான் குற்றாலம் ஐந்தருவிக்குக் கிளம்புவது என்று வீட்டில் அறிவித்தும்விட்டேன்.

மென்பொருள், இன்னொரு கோப்பு இல்லாமல் வரமாட்டேன் என்றது. அதைத் தேடி இறக்கினேன். அது வேறொன்றைக் கேட்டது. அந்த வேறொன்றுக்கும் ஒரு துணை தேவைப்பட்டது.

"சாரல் நல்லா அடிக்கி. கூட்டம் வந்துட்டா தலையைக்கூட நனைக்க முடியாது. இன்னும் யாரு வரணுமாம்?" என்றாள் மனைவி செல்வி.

பண்பொழியில் இருக்கும் நண்பன் முருகனுக்கு போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தான்.

"ஏலே, ஒவ்வொண்ணா எதுக்குலே தேடுத? மென்பொருள் பேரை மட்டும் சொல்லி ஒரு கட்டளை கொடு. வேண்டியதை எல்லாம் அதுவே கூட்டிட்டு வரும்."

கட்டளை கொடுத்தேன். எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. மென்பொருள் திறந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

அப்போது வாசலில் ஒரு வேன் நின்றது. செல்வி கூப்பிட்டிருந்தது தன் வாசுதேவநல்லூர் அக்காவை மட்டும். அக்கா, அத்தான், அத்தானின் தங்கை, தங்கையின் மாமியார் எல்லாரும் இறங்கினார்கள்; கூடவே ஒரு பெரிய தூக்குவாளி நிறையப் புளியோதரையும்.

"அக்கா மட்டும் எப்படித் தனியா வருவா?" என்றாள் செல்வி.

அருவியில் குளியல் அபாரம். போலீஸ்காரர் விசில் ஊதியும் அந்த மாமியார் தண்ணீரைவிட்டு நகரவில்லை. நானும்தான்.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். கூட வருகிறவர்களின் பட்டியலைக் காட்டி, "தொடரலாமா?" என்று இன்று என்னிடம் அனுமதி கேட்டது லினக்ஸ் மட்டும்தான். உங்கள் வீட்டில் எப்படி?