பத்தில் ஒரு பங்கு

நம்பாதவர்கள் கணக்கையாவது பாருங்கள். இது நடந்தது.

கஜகஸ்தானின் வடக்கில் எங்கள் சுரங்க ஊர். வீடுகளைச் சூடாக்க வெந்நீர் அனுப்பும் கொதிகலன் நிலையத்தில் நான் பொறியாளர். பெரிய இரும்பு உருளைக்குள் குழாய்கள். குழாய்க்குள் தண்ணீர், வெளியே நீராவி. நீராவி குழாயில் பட்டு, வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீராகச் சொட்டும். சொட்டியதை எடைபோட்டால் கொடுத்த வெப்பம் தெரியும். குழாய்த் தண்ணீரின் அளவும், அது எத்தனை டிகிரி ஏறியது என்பதும் தெரிந்தால் வாங்கிய வெப்பம் தெரியும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்த ஜனவரியில் இல்லை. பத்துப் பங்கு கொடுத்தால் ஒன்பதுதான் வந்தது.

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. கொதிகலனை இதற்கு மேல் எரிக்க முடியாது. குழாய்ப் பாதையின் கடைசியில் உள்ள புதுக் கட்டடத்தில், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் ஆறிக்கொண்டிருந்தன. அங்கே என் தங்கை ஐனாஷ், கைக்குழந்தையோடு.

“குழாய்ல உப்பு படிஞ்சிருக்கும்க்கா,” என்றான் மெக்கானிக் சாபித்.

“படிஞ்சா நீராவி கொடுக்கிறதே குறையும். கொடுத்தது எங்கடா போகும்?”

“என்னைப் பாக்காதீங்க. நான் டீத்தூள்தான் திருடுவேன்.”

அளவுக்கருவிகளை மாற்றினோம். அதே கணக்கு.

மதியம் 2.10.

டக்... டக்... டக்...

கரண்டியால் இரும்பைத் தட்டும் சத்தம். ரேடியேட்டர் ஆறினால் எங்கள் ஊரில் அப்படித்தான் தட்டுவார்கள். குழாய் வழியே எங்களுக்குக் கேட்கும். ஆனால் இது, சுவரோரம் வெட்டி மூடிய பழைய குழாயிலிருந்து வந்தது.

சாபித் சிரிக்கவில்லை.

உருளையின் மேலுறையைப் பிரித்தோம். உள்ளே நூற்றிருபது டிகிரி நீராவி. வெளியே இரும்பின் மேல்... உறைபனி.

திட்டுத் திட்டாக.

உள்ளங்கை அளவில்.

சில, முழங்கால் உயரத்தில்... மிகச் சிறியவை.

“அக்கா, வாங்க. போயிரலாம்.”

ஓய்வுபெற்ற ஷிப்ட் தலைவர் தோலேகனுக்குப் போன் செய்தேன்.

“சுவரோரம் இருக்கிற அந்தப் பழைய குழாய் எந்தக் கட்டடத்துக்குண்ணே?”

அவர் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

“ஏழாம் நம்பர். ரொம்ப வருசம் முன்ன, இதே மாதிரி குளிர்ல குழாய் வெடிச்சுது, நாங்கதான் வால்வை அடைச்சோம். சாயங்காலம் திறக்கிறோம்னு சொன்னோம். மூணு நாள் தட்டுனாங்கம்மா. அப்புறம் தட்டல.”

“அதான் இடிச்சாச்சே.”

“இடிச்சாலும் அவங்க பங்கை நாங்க பங்கீட்டுக் கணக்குலேர்ந்து எடுக்கவே இல்ல. பத்துல ஒண்ணு. நீ எடுத்திட்டியா?”

எடுத்திருந்தேன். கோடையில். எடுத்து, புதுக் கட்டடத்துக்குக் கொடுத்திருந்தேன்.

பேருந்துகள் கிடைத்து, விடிந்ததும்தான் புதுக் கட்டடத்தைக் காலி செய்ய முடிந்தது. ஐனாஷின் குழந்தையைக் காப்பாற்ற அது பிந்திவிட்டது.

அந்த உருளையின் மேலுறையை நான் மறுபடி பிரித்துப் பார்க்கவில்லை.

புதுக் கட்டடத்தின் வால்வு மூடியே இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் பத்தில் ஒரு பங்கை ஏழாம் எண் கட்டடத்துக்கு ஒதுக்குகிறேன். கணக்கு சரியாக வருகிறது.