இருள்பொருள்தான் முதலில் போகும்

உமாராணி எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ரகம். லிஃப்ட் நின்றால் பயம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: ஷார்ஜாவில் ஒரு கோளரங்கத்தில், இருட்டில் நின்றுகொண்டு, வானத்தைப் பற்றித் தமிழில் பேசுவது. அருப்புக்கோட்டையில் படித்த பிஎஸ்சி இயற்பியல் இங்கே வந்து கைகொடுத்தது.

அன்று காலை வீடு இருந்த அஜ்மானில் பஸ் ஏறியவள், ஜன்னல் வழியே கணவன் வீரபாண்டியைப் பார்த்தாள். அவன் சைட் சூப்பர்வைசர். டூட்டி சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாடு. கம்பெனி பஸ் வந்து நின்றது. அவன் ஏறவில்லை. டீக்கடைச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கி, அது போகும்வரை தலையைக் குனிந்து நின்றான்.

வேலை போய்விட்டது, வேறென்ன? அவளுடைய விசா, மகள் விஜியின் விசா, இரண்டுமே அவன் வேலையை நம்பித்தான் இருந்தன. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கோளரங்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் காத்திருந்தன. விளக்கு அணைந்தது.

"ஒரு கேலக்ஸிய இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கிறது கண்ணுக்குத் தெரியாத இருள்பொருள். அது சுத்திலும் பெருசா பரவியிருக்கும். தனியா இருக்கிறவரைக்கும் தொந்தரவில்ல. ஆனா சின்ன கேலக்ஸி ஒண்ணு பெரிய கேலக்ஸிக் கூட்டத்துக்குள்ள போய் மாட்டுச்சுன்னா, கூட்டத்தோட ஈர்ப்பு அத உருவ ஆரம்பிச்சிடும். வெளிய பரவியிருக்கிற இருள்பொருள்தான் முதல்ல போகும். நட்சத்திரங்க நடுவுல இருக்கிறதால அப்படியே மின்னிக்கிட்டிருக்கும். பார்த்தா ஒண்ணுமே நடக்காத மாதிரிதான் இருக்கும்."

தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லக்கூடிய வரிகள். அன்று ஒவ்வொரு வரிக்கும் அந்த டீக்கடைச் சுவர்தான் கண்முன் வந்தது.

"அப்புறம் அந்த நட்சத்திரங்க கதி என்னம்மா?" என்று முன்வரிசையில் ஓர் அம்மாள் கேட்டார்.

பிடித்து வைக்க எதுவும் இல்லாமல் அவையும் ஒவ்வொன்றாகச் சிதறும். அவளுக்குத் தெரியும். "அதுக்கு ரொம்பக் காலம் ஆகுங்க" என்று சமாளித்தாள்.

இன்று கேட்டே தீருவது என்று, திரும்பும் பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தாள். வீரபாண்டி வழக்கமான நேரத்துக்கு வந்தான். ஷூவைக் கழற்றியபடி, "சைட்டுல இன்னைக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. மேனேஜர் ஒரே ஜல்தி ஜல்திங்கிறான்" என்றான்.

அவன் அவ்வளவு சரளமாகச் சொன்னதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. உள்ளறையில் விஜி சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் யாரும் தெரியாத மாதிரி இருக்க முடியாது.

"நாளைக்கு என்ன சாப்பாடு கட்டட்டும்?" என்று கேட்டாள்.

"எலுமிச்சை சாதம்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.