எண்ணாமல் விட்ட சாம்பல் அன்னங்கள்

அமீரகத்தில் அல் ஐன் நகருக்கு வெளியே ஒரு பண்ணை ஏரியின் பம்பு அறையில்தான் சிவசங்கரன் வில்பிரட்டை முதன்முதலாகச் சந்தித்தான். ஏரியை மூடப்போகும் செய்தியைச் சொல்ல பண்ணை ஆபீஸிலிருந்து அவனை அனுப்பியிருந்தார்கள். அந்த முடிவுக்கு ஆதாரமான ரிப்போர்ட்டைத் தயாரித்தவனும் அவனே. குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதிலிருந்த கோட்டு வரைபடம்தான் கம்ப்யூட்டரில் அவன் முதலில் போட்டது. ஒரு பிரதியை ஊருக்குக்கூட அனுப்பியிருந்தான்.

வில்பிரட் குளச்சல்காரர். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர், 2000-ல் பம்பு ஆபரேட்டராக வந்தார். அந்த வருடம்தான் பண்ணை முதலாளி எட்டு வெள்ளை அன்னங்களை ஏரியில் விட்டார். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை தோறும் சர்ச்சில் ஜெபம் முடிந்து வந்ததும் கரையைச் சுற்றி நடந்து எண்ணி, டியூட்டி நோட்டில் எழுதுவது வில்பிரட்டின் வேலை. ஏழு வருட நோட்டிலும் எட்டு, ஏழு, எட்டு, ஒன்பது. வரைபடத்தில் கோடு படுத்தே கிடந்தது. பெருகாத பறவைக்கு இத்தனை தண்ணீரா என்றார் மேனேஜர் பத்மநாபன். மாதக் கடைசியில் ஏரியை வற்றவைப்பது என்று முடிவாயிற்று.

“அப்போ எனக்கும் கலாஸ்தான், வேல முடிஞ்சுது” என்றார் வில்பிரட். சொல்லிவிட்டு அவனுக்குப் பால் விடாத சுலைமானித் தேநீர் ஊற்றினார்.

டம்ளரோடு வெளியே வந்த சிவசங்கரன் நாணலோரம் பார்த்தான். “அண்ணே, அங்க சாம்பல் கலர்ல என்னது?”

“அதுவா, குஞ்சுக. போன வருசந்தான் இத்தன பொரிச்சுது. முன்னாடியெல்லாம் ஒண்ணு ரெண்டுதான் தப்பும், மிச்ச முட்டைய நரி தின்னுட்டுப் போயிரும். காலி டிரம்மு நாலச் சேத்துக் கெட்டி நடுத்தண்ணில மிதக்க விட்டேன். அதுல ஏறிக் கூடு வச்சுது.”

“நோட்டுல இல்லையே?”

“பொடிய எவன் தம்பி எண்ணுவான்? பொடிமீனு வலைல பட்டாலும் கடல்லயே விட்டுருவோம். வளந்த பொறவுதான் கணக்கு.”

இருவரும் கரையைச் சுற்றி வந்தார்கள். சாம்பல் மட்டும் பதினொன்று. சிவசங்கரன் டம்ளரைக் கீழே வைத்தான். அங்கிருந்தே பத்மநாபனுக்குப் போன் செய்தான்.

“சார், என் ரிப்போர்ட்டு தப்பு.”

“நோட்டுல இருந்ததத்தான போட்ட?”

“நோட்டுல குஞ்சு இல்ல சார். அத சேத்தா இருபது.”

“டிகிரி படிச்சவன் ஏரியப் பாக்காமலே கோடு போட்டியாக்கும்.”

சனிக்கிழமை பத்மநாபனே வந்து எண்ணினார். பதினெட்டு என்றார். வில்பிரட் அவர் தோளைத் தொட்டு, டிரம்முக்குப் பின்னாலிருந்த இரண்டைக் காட்டினார். ஏரிக்கு ஒரு வருடத் தவணை கிடைத்தது. மறு வருடம் சாம்பல் வெள்ளையாயிற்று, புதிய சாம்பலும் வந்தது; மூடும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. திருத்திய வரைபடத்தையும் சிவசங்கரன் ஊருக்கு அனுப்பினான்.

இது 2009. வில்பிரட் அதே பம்பு அறையில் இருக்கிறார். நோட்டில் இப்போது வெள்ளைக்கு ஒரு கட்டம், சாம்பலுக்கு ஒரு கட்டம். அவர் லீவில் போனால் சிவசங்கரன் வந்து எண்ணுகிறான். போன வெள்ளிக்கிழமை வெள்ளை இருபத்து மூன்று, சாம்பல் எட்டு.